திங்கட்கிழமை காபி நேரத்துக்கு ஒரு ஸ்வீடிஷ் கேள்வி

ஸ்வீடன் அலுவலகங்களில் ஃபீகா என்று ஒரு வழக்கம் உண்டு. கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து காபி குடிக்கும் இடைவேளை. திங்கட்கிழமை ஃபீகாவில் பேச்சு பெரும்பாலும் சனி, ஞாயிறைப் பற்றித்தான் போகும். பாடப் புத்தகம் சொல்லிக்கொடுத்த ‘ஹூர் மோ டூ?’ (எப்படி இருக்கிறாய்?) அங்கே அதிக தூரம் போகாது. ‘ப்ரா, தக்’ (நன்றாக இருக்கிறேன், நன்றி) என்று பதில் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அடுத்து கேட்க வேண்டிய கேள்வியைப் பார்ப்போம்.

படி 1: ஒரு வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்

வா ஹா டூ யூட் ஈ ஹெல்யென்? அதாவது, வார இறுதியில் என்னென்ன செய்தாய்?

‘வா’ என்றால் என்ன. ‘டூ’ என்றால் நீ. ‘ஹா’, ‘யூட்’ இரண்டும் சேர்ந்து செய்திருப்பதைக் குறிக்கின்றன. ‘ஈ ஹெல்யென்’ என்பது வார இறுதியில். வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறாது. செய்தேன், செய்தாய், செய்தார்கள் என்று நாம் போடும் விகுதிகள் எதுவும் அங்கே இல்லை.

மேலாளரைப் போய் ‘நீ’ என்பதா என்று தயங்க வேண்டாம். 1967-ல் ப்ரூர் ரெக்செட் என்பவர் ஸ்வீடனின் அரசு மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் ‘தூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாலும் இன்றும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் அதைச் சொல்கிறார்கள். இப்போது அரச குடும்பத்தைத் தவிர யாரையும் தூ எனலாம். பலரிடம் சேர்த்துக் கேட்கும்போது மட்டும் வேறு சொல். அதன் உச்சரிப்பு, நம்புங்கள், ‘நீ’!

படி 2: உச்சரிப்பு (தமிழருக்கு இங்கே ஒரு சலுகை)

மேலே ஓர் இடத்தில் ‘தூ’ என்றும் இன்னோர் இடத்தில் ‘டூ’ என்றும் எழுதியது பிழையல்ல. ஸ்வீடிஷில் தனியாக வரும் த ஒலி நம் தகரம்தான், நாக்கு பல்லைத் தொடும். முன்னால் ஒரு ர் வந்துவிட்டால் இரண்டும் கலந்து டகரமாகிவிடும். ‘ஹார் தூ’ என்று எழுத்தில் இருப்பது வாயில் ‘ஹா டூ’ ஆவது இப்படித்தான். ‘யூட்’ என்பதிலும் எழுத்தில் ஒரு ர் உண்டு, அது டகரத்துக்குள் கரைந்துவிட்டது. ர்+ன் சேர்ந்தால் ண், ர்+ஸ் சேர்ந்தால் ஷ். நாக்கை மடித்து ட, ண சொல்ல ஆங்கிலேயர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு அது பால்வாடியிலேயே வந்துவிட்டது.

ஒன்று: இது ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சு. தெற்கே மால்மோ பகுதியில் ர் தொண்டையிலிருந்து வரும், இந்தக் கலப்பு நடக்காது. இன்னொன்று: ‘தூ’வின் முதல் ஒலியைத் ‘தயவு’ என்பதில் வருவது போல மென்மையாகச் சொல்லுங்கள்.

படி 3: காலச் சொல்லைப் பார்த்து வினையை மாற்றுங்கள்

தொடக்கநிலையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நேரம் இன்னும் முடியவில்லை என்றால் (இன்று, இந்த வாரம், சமீபமாக) ‘ஹா … யூட்’ வடிவம். முடிந்துபோன நேரம் என்றால் ‘யூடெ’ என்ற ஒற்றைச் சொல்.

வா ஹா டூ யூட் ஈதா? (இன்று என்ன செய்தாய்?)
வா யூடெ தூ ஈகோர்? (நேற்று என்ன செய்தாய்?)

‘நேற்று ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் ‘ஈகோர்’ பக்கத்தில் ‘ஹா’ போட்டுவிடாதீர்கள். ‘ஈ ஹெல்யென்’ மட்டும் இரண்டோடும் ஒத்துப்போகும். அதோடு, அதே சொல் வெள்ளிக்கிழமை வரப்போகும் வார இறுதியையும் குறிக்கும். ‘வா ஸ்கா தூ யோரா ஈ ஹெல்யென்?’ என்றால் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள்.

படி 4: கொஞ்சம் பழகியவர்களிடம்

வா ஹா டூ ஹஃப்த் ஃபொ டெய்? ‘அப்புறம், என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?’ என்ற தொனி. சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் எதுவும் விளங்காது, மொத்தமாக விழுங்கிவிடுங்கள். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் இயல்பான கேள்வி.

ஆம், இல்லை என்று பதில் வரவேண்டுமானால் வினை முதலில் வரும்: ஹா டூ ஹஃப்த் என் ப்ரா ஹெல்ய்? (வார இறுதி நன்றாகப் போனதா?) பதில்: ‘யா, தே ஹா யா’. முதல் யா ‘ஆம்’, கடைசி யா ‘நான்’. பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான்.

படி 5: பதில் சொல்லத் தயாராக இருங்கள்

கேட்டால் திருப்பிக் கேட்பார்கள்: ‘ஓ தூ தோ?’ (நீ?). அவசரத்துக்கு ‘இந்தெ சோ மிக்கெ’ (பெரிதாக ஒன்றுமில்லை) போதும். ‘யா ஹா மெஸ்த் தாகித் தே லுங்த்’ (பெரும்பாலும் ஓய்வாகத்தான் இருந்தேன்) இன்னும் நல்லது. அங்கே இது சோம்பேறித்தனமாகத் தெரியாது.

கொஞ்சம் விரிவாகச் சொல்வதானால் வினை இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும்:

ஈ லோடாஸ் ஓக்தெ யா தில் உப்சாலா. (சனிக்கிழமை உப்சாலா போனேன்.)

‘சனிக்கிழமை’ முதலில் வந்துவிட்டதால் ‘போனேன்’ (ஓக்தெ) அடுத்து, ‘நான்’ (யா) அதற்கும் அடுத்து. நாம் வினையைக் கடைசிக்குத் தள்ளிப் பழகியவர்கள் என்பதால் இதை வாய்விட்டுப் பல தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் கேள்வி மாறும். சட்டப்படி ஆண்டுக்கு 25 நாள் விடுப்பு, அதில் 4 வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் தொடர்ச்சியாக எடுக்கும் உரிமை உண்டு. அதனால் திரும்பி வருபவர்களிடம் ‘ஹூர் வா ஷெமெஸ்தெண்?’ (விடுமுறை எப்படி?) என்று கேளுங்கள். பதிலில் ‘ஸ்தூகான்’ என்ற சொல் அடிக்கடி வரும். ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும் கோடைக்கால வீடு அது.

போன தடவை நீங்கள் பேசப்போகிறவர் வீட்டில் விருந்து சாப்பிட்டிருந்தால், மேலே சொன்ன எதையும் கேட்பதற்கு முன் ‘தக் ஃபொ ஷேனஸ்த்’ (அன்றைக்கு அழைத்ததற்கு நன்றி) என்று சொல்லிவிடுங்கள். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.