கப்பியில் லைன் பிடிப்பது எப்படி: பெண் குட்டிகளைப் பிரிக்கும் வேலைதான் முக்கியம்

தொட்டி பழகி, கப்பி மீன்கள் சாகாமல் குட்டி போடும் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கான பதிவு இது. குட்டி எடுப்பது சுலபம். அப்பன் சாயலில் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக எடுப்பதுதான் வேலை, அதைத்தான் லைன் பிடிப்பது என்கிறோம். மாஸ்கோ நீலம் என்ற கப்பி வகையை வைத்துச் சொல்கிறேன்.

1. வாங்குவது

ஒரே லைனில் ஓர் ஆண், இரண்டு பெண். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனால் கடைத் தொட்டியில் கலந்து நீந்தும் பெண்களைத் தொடாதீர்கள்; ஆண் பெண் பிரித்து வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடலுக்குள் வைத்திருந்து, மறுபடி சேராமலே அடுத்தடுத்து குட்டி போடும். நீங்கள் விடும் ஆண்தான் அப்பன் என்று நம்ப வழியே இல்லை.

2. தொட்டிகள்

குறைந்தது நான்கு வேண்டும். கண்ணாடிதான் என்றில்லை, பழைய ஃபிரிட்ஜ் பெட்டியும் தெர்மாகோல் பெட்டியும் போதும். ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் மட்டுமே. மற்றவை குட்டியை உறிஞ்சிவிடும். குட்டி போடுவதற்காகச் சினைமீனை அடைத்துவைக்கும் பிரீடிங் பாக்ஸ் எனக்குப் பிடிக்காது, சினைமீன் அதில் மிரண்டுபோகிறது. ஜாவா பாசியை அடர்த்தியாகப் போட்டுவிடுங்கள், 25 முதல் 30 நாளுக்குள் குட்டிகள் அதற்குள் ஒளிந்திருக்கும். தீனிக்கு ஆர்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறால், அதன் முட்டையை வாங்கிப் பொரிக்க வேண்டும்: லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, விடாமல் காற்று, நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் பொரிந்துவிடும்.

3. பிரிப்பது

இங்கேதான் எல்லோருக்கும் லைன் கைவிட்டுப் போகிறது. "வால் கலர் தெரியட்டும், பிரிக்கலாம்" என்று காத்திருப்பார்கள். கலர் தெரியும்போது தங்கச்சி சினையாகியிருக்கும்.

கலரைப் பார்க்காதீர்கள். வயிற்றுக்கு அடியில், மலவாய்க்கு ஒட்டிப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறிபோல் விரிந்தே இருக்கும். ஆணுக்குக் குறுகிக் குச்சியாக நீளத் தொடங்கும். பெண்ணுக்கு அதற்குச் சற்று மேலே கருநிழல் ஒன்றும் தெரியும். கருநிறமி இல்லாத, சிவப்புக் கண் கொண்ட அல்பினோ லைனில் அது கருப்பாக இருக்காது, இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். பலர் ஏமாறுவது அங்கே.

மூன்றாம் வாரம் முடிந்ததும் பார்க்கத் தொடங்குங்கள், நான்காம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வலையில் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை. குட்டியைத் தண்ணீரோடு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, மொபைலில் ஜூம் செய்து வீடியோ எடுங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் துடுப்பு துல்லியமாகத் தெரியும். சந்தேகமானதை மூன்றாவது தொட்டியில் தனியாக விடுங்கள். பெண்கள் தொட்டியை அதன்பிறகும் வாரம் ஒருமுறை சோதியுங்கள், தாமதமாக ஆண் அடையாளம் காட்டும் குட்டி ஒன்று போதும் அத்தனையையும் கெடுக்க.

4. தேர்ந்தெடுப்பது

முதலில் கலர் பிடிக்கும் ஆணை எடுக்க ஆசை வரும். வேண்டாம். ஆண் பருவமடைந்ததும் அதன் வளர்ச்சி குறைந்துவிடும், முந்தியது பெரும்பாலும் குட்டையாகவே நின்றுவிடும். நான்கு மாதம் பொறுத்து, உடலும் வால் அடியும் தடித்ததை எடுங்கள்.

மாஸ்கோவின் நிறம், ஆணுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமில் போகிறது, அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும். கப்பியின் ஒரு புள்ளி இப்படி ஆண்வழியே இறங்குவதை 1920இல் காட்டியவர் டென்மார்க்கின் யொஹான்னஸ் ஷ்மிட். விலாங்கு மீன் எங்கே முட்டையிடுகிறது என்று அட்லாண்டிக்கில் தேடித் திரிந்தவரும் அவரேதான்! ஆனால் உடற்கட்டு, வால் அகலம் எல்லாம் அம்மாவும் கொடுப்பது. அவள் கொடுக்கப்போவது அவளைப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது, அண்ணன் தம்பிகளைப் பார்த்தால் தெரியும். அதனால் ஒவ்வொரு ஈத்தையும் தனித் தொட்டியில் வளர்த்து, அப்பன், அம்மா, பிறந்த தேதி எழுதி ஒட்டுங்கள்.

5. சேர்ப்பது

ஒரே ஜோடியின் பிள்ளைகளை ஏ, பி என்று இரண்டு கிளையாகப் பிரித்து வளருங்கள். முதுகு வளைந்த குட்டிகள் வந்தாலோ, ஈத்தில் எண்ணிக்கை குறைந்தாலோ ஏ ஆணை பி பெண்ணோடு விடுங்கள். கண்ட கடைமீனைக் கொண்டுவந்து சேர்த்தால் அதுவரை கட்டியது போய்விடும்.

பின்சேர்க்கை: அல்பினோவைச் சாதா மாஸ்கோவோடு சேர்த்தேன், ஒன்றுகூட அல்பினோ இல்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கைவிடாதீர்கள், குணம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளையே தங்களுக்குள் சேர்த்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று அல்பினோவாக வரும்.

சிறுவாணித் தண்ணீரில் துடுப்பு மூடிக்கொள்கிறது என்ற கோவை நண்பருக்கு: கப்பிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர்தான் ஒத்துவரும், அந்தத் தண்ணீர் மென்மையானது. ஒரு பிடி சிப்பி ஓட்டைக் கழுவி, துணிப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள்.