பில்லிங் கணக்கைக் கஸ்டமர் சக்சஸ் தளத்தோடு இணைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜ்களுக்கு புக்கிங் மென்பொருளைச் சந்தாவுக்குத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பணம் வசூலிக்கும் பில்லிங் மென்பொருளின் தகவலை, வாடிக்கையாளர்கள் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிக்கும் கஸ்டமர் சக்சஸ் தளத்துக்குக் கொண்டுவந்தால், யார் விலகப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியும் என்பது எதிர்பார்ப்பு. அது பொய்க்கக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே வாடிக்கையாளர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

பலர் மின்னஞ்சலை வைத்துப் பொருத்துகிறார்கள். மலையில் இது சரிப்படாது. பணம் கட்டுபவர் கோவையில் இருக்கும் உரிமையாளர். தினமும் மென்பொருளைத் திறப்பவர் கோத்தகிரியில் இருக்கும் மேலாளர். தளத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் ஆகிவிடுவார்கள்: ஒருவர் பணம் கட்டியும் பயன்படுத்தாதவர், இன்னொருவர் பயன்படுத்தியும் பணம் கட்டாதவர். சரி, ஜிஎஸ்டி எண்ணை வைக்கலாமா? இரண்டு மலையிலும் காட்டேஜ் வைத்திருப்பவர் ஒரே எண்ணில் நடத்தலாம். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத வருமான வரம்புக்குள் இருக்கும் சிறிய ஹோம்ஸ்டேக்கு எண்ணே இருக்காது. பில்லிங் மென்பொருள் தரும் வாடிக்கையாளர் ஐடியை, கணக்கு தொடங்கும் அன்றே கஸ்டமர் சக்சஸ் தளத்திலும் பதிந்துவிடுங்கள். பழைய கணக்குகளை ஒருவர் உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் மேலே கட்டும் எதுவும் நிற்காது.

அப்புறம் தொகை. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேசர்பே, ஸ்ட்ரைப் இரண்டும் தொகையைப் பைசாவில்தான் அனுப்பும். 500 ரூபாய் 50000 என்று வரும். 12,000 ரூபாய் வருடச் சந்தாவை வந்த மாத வருமானத்திலேயே முழுதாகச் சேர்க்காதீர்கள், மாதத்துக்கு 1,000 தான். அதுவும் 18% ஜிஎஸ்டி சேராமல். பணம் வந்ததும் தானாகத் தகவல் அனுப்பும் வெப்ஹுக்கில் ஒரே தகவல் இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். ஒவ்வொரு தகவலோடும் வரும் நிகழ்வு ஐடியைப் பார்த்து ஒருமுறை மட்டும் பதியுங்கள். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் யுடிசியிலேயே (ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) விட்டால், ஒன்றாம் தேதி காலை 5.30-க்கு முன் வந்த பணம் போன மாதக் கணக்கில் விழும்.

பணம் வராததை விலகலாக எண்ணுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அட்டையில் தானாகக் கழியும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் உரிமையாளர் ஒப்புதல் தர வேண்டும். மழையில் சிக்னல் போன கூடலூரில் அந்த ஓடிபி எப்படி வந்து சேரும்? பயன்பாடு குறைவதும் அப்படித்தான், மழைக்காலத்தில் விருந்தினர் குறைவதாலும் இருக்கலாம். ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மழை, கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், அதே காட்டேஜின் போன வருட மாதத்தோடு ஒப்பிடுங்கள். பில் தவறியதும் ரத்து மின்னஞ்சல் தானாகப் போகும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, முதலில் மேலாளருக்கு ஒரு போன் போடுங்கள்.