சாமுராய் கவசம் செய்யும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

பிரம்புத் தடியோடு விளையாட்டாகச் சண்டை போட, முதல் முறையாகச் சாமுராய் கவசம் செய்பவர் பெரும்பாலும் ஒரு மியூசியப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார், முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது. பளபளக்கும் அரக்குப் பூச்சும் பட்டு நாடாவுமாக அந்தப் படத்தில் நிற்கும் கவசங்களில் நிறைய எடோ காலத்தவை (1603–1868). 1615இல் ஒசாகா கோட்டை விழுந்த பின் பெரிய போர்கள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. அப்புறம் செய்தவற்றில் பல, பிரபுக்கள் ஊர்வலத்தில் போட்டுக்கொள்ளவும் வந்தவர்களுக்குக் காட்டவும் செய்தவை. அதைப் பார்த்து நகல் எடுத்தால் ஊர்வலத்துக்குத்தான் சரியாக இருக்கும்.

சரி, போர்க்காலக் கவசத்தையே அப்படியே நகல் எடுத்தால்? அதுவும் போதாது. வாள் வெட்டு, அம்பு, ஈட்டி முனை, 1543இல் தனேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்த பிறகு குண்டு, இவற்றைத் தடுக்கத்தான் ஜப்பானியக் கவசம் உருவானது. நாம் சண்டை போடுவது பிரம்போடு. 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால வாழ்க்கையை மீட்டு நடிக்கும் அமைப்பான எஸ்.சி.ஏ.வின் பாணிச் சண்டையில் தடியின் தடிமன் குறைந்தது ஒன்றேகால் அங்குலம். அது வெட்டாது, நசுக்கும். துணியில் தைத்த சங்கிலி வலை வாளை நிறுத்தும், ஆனால் பிரம்படியை அப்படியே எலும்புக்குக் கடத்திவிடும். வெளியே பதினாறாம் நூற்றாண்டு, உள்ளே இன்றைய ஃபோம் என்று இரண்டு அடுக்காக யோசிக்காதவர் முதல் நாளே நொண்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

எந்தக் கவசம் என்று தேர்ந்தெடுப்பதிலும் ஆசை கண்ணை மறைக்கும். பெரிய பெட்டி மாதிரி இருக்குமே, ஓ-யோரோய், அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது குதிரை மேலிருந்து வில் எய்பவருக்கானது. எடை முழுக்கத் தோளில் தொங்கும், தரையில் நின்று பக்கவாட்டில் திரும்பினாலே இடிக்கும். தரையில் சண்டை போட, செங்கோகு காலத்து (15, 16ஆம் நூற்றாண்டுப் போர்க்காலம்) ‘தோசெய் குசோகு’ வகைதான் சரி. அதிலும் கிடைமட்டப் பட்டைகளை ரிவெட் அடித்துச் சேர்த்த ஒகேகாவா மார்க்கவசம் முதல் முயற்சிக்கு எளிது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் செதில்களைக் கோத்துச் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அவர்களில் பலருடைய கவசம் இன்னமும் பரணில் அரைகுறையாகக் கிடக்கிறது.

இரும்பில் செய்யாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பதும் தேவையில்லாத வீம்பு. பழைய கவசக்காரர்களே எடை குறைக்க, முக்கியமான இடத்தில் இரும்பும் மற்ற இடத்தில் அரக்குப் பூசிய பதனிடாத் தோலும் கலந்துதான் செய்தார்கள். அதனால் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி, ஹீட் கன்னில் வளைத்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்ணம்தான் வம்பு. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரண பெயின்ட் ஒட்டாது, நான்கு அடி வாங்கினால் செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே இருக்கும் நீலம் எட்டிப் பார்க்கும். உப்புத்தாளால் தேய்த்து, நெருப்புச் சுடரை மேலோட்டமாக ஓட்டி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். இதையெல்லாம் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். தலைக்கவசத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் கூடவே கூடாது. எஸ்.சி.ஏ. விதிப்படி குறைந்தது 16 கேஜ் எஃகு, அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர்.

அளவு விஷயத்தில் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது, மார்க்கவசத்தை நீளமாக வெட்டிவிடுவது. அது இடுப்பு எலும்புக்கு மேலே, வயிறு குறுகும் இடத்தோடு முடிய வேண்டும். அதற்குக் கீழே தொடையைக் காப்பது தொங்கும் குசசுரிப் பட்டைகளின் வேலை. நான் முதலில் செய்தது இரண்டு அங்குலம் நீளம். போட்டுக்கொண்டு குனிந்தேன், கீழ் விளிம்பு தொடையில் முட்டி, மேல் விளிம்பு நேராகத் தொண்டைக்கு வந்தது. அட்டையில் வெட்டி, உடம்பில் ஒட்டி, உட்கார்ந்து குனிந்து பார்த்திருந்தால் ஒரு டிரம் மிச்சமாகியிருக்கும். இன்னொன்று, இரண்டு துண்டாகச் செய்தால் கீல் இடப்பக்கம், திறப்பும் முடிச்சும் வலப்பக்கம். நிறையப் பேர் மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

மார்க்கவசத்துக்கும் குசசுரிக்கும் நடுவே வெறும் நாடா மட்டும் தெரியும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் இடுப்பை அசைய விடுகிறது, ஆனால் சிறுநீரகத்துக்குப் பக்கத்திலேயே திறந்தும் இருக்கிறது. உள்ளே ஃபோம் வைத்த அகலமான தோல் பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. அதோடு, மேலே ஓபித் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள். அழகுக்கு என்று நினைத்துத் தளர்வாகக் கட்டுகிறார்கள். தோளில் இறங்கும் எடையை இடுப்புக்கு மாற்றுவதே அந்தத் துணிதான், மாலை வரை நிற்பவருக்கு இது புரியும்.

தலைக்கு வருவோம். பழைய கபுத்தோ என்னும் தலைக்கவசத்தின் உள்ளே, தைத்த துணி ஒன்று தொட்டில் போலத் தொங்கி, இரும்புக்கும் தலைக்கும் நடுவே காற்று இடைவெளி விடும். நல்ல யோசனைதான், ஆனால் பிரம்படிக்கு அரை அங்குல ஃபோம் வேண்டும். அதனால் கிண்ணத்தைத் தலையளவுக்கு அடிக்காதீர்கள், ஃபோமையும் சேர்த்து அளவெடுங்கள். முகத்துக்கு மென்போ முகமூடி போட்டுவிட்டால் போதும் என்று நம்புவது அதைவிட ஆபத்து. அது கண்ணுக்குக் கீழேதான் மூடும். தாடையிலேயே உட்காருவதால் வாங்கிய அடி நேராகப் பல்லுக்குப் போகும். முகமூடியை ஃபோம் இடைவெளி விட்டுத் தலைக்கவசத்தோடு ரிவெட்டில் பிணைத்து, கண்ணுக்கு முன்னால் கறுப்படித்த எஃகுக் கம்பிகளை வையுங்கள். ஒரு அங்குலக் குச்சி நுழைய முடியாத இடைவெளிதான் இருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் கம்பி கண்ணுக்கே தெரியாது.

கழுத்திலும் அதே கதை. முகமூடியிலிருந்து யோதாரேகாகே என்னும் தொண்டைகாப்பு முன்பக்கம் தொங்கும், தலைக்கவசத்திலிருந்து ஷிகோரோ என்னும் பிடரிகாப்பு பின்பக்கம் தொங்கும், இரண்டும் குத்து வந்தால் விலகிக்கொள்ளும். உள்ளே தனியாகக் கெட்டியான கழுத்துப் பட்டை கட்டாயம்.

அப்புறம் அந்தக் கொம்பு! ஹோண்டா தாடாகட்சுவின் மான் கொம்புத் தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டு நிஜக் கொம்பையோ இரும்புத் தகட்டையோ பொருத்துகிறார்கள். அவருடைய கொம்பே ஜப்பானியக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி அரக்குப் பூசியது, எடையே இல்லாதது. உங்களுடையதும் ஃபோமிலோ மெல்லிய ரப்பரிலோ இருக்கட்டும். அடி பட்டால் அது கழன்று விழ வேண்டும், உங்கள் கழுத்தைத் திருகக் கூடாது.

கைக்கு, பழைய கோதே என்னும் கைகாப்பில் விரல் பக்கம் புறங்கையை மூடும் தகடு மட்டும்தான் உண்டு, விரல்கள் வெறுமையாகவே இருக்கும். கத்தானா மாதிரி இரண்டு கையாலும் பிடிக்கும் தடிக்கு, பிடித்த கையைச் சுற்றி மூடும் கைக்கூடு கிடையாது, எனவே விரல் வரை மூடும் உறை இல்லாமல் இறங்காதீர்கள். உள்ளே முழங்கைக்கு ஒரு கெட்டியான மூடி, ஹைதாதே என்னும் தொடைகாப்புத் துணிக்கு அடியில் முழங்கால் மூடி, கூடவே ஆண்களுக்குக் கிரிக்கெட் கார்டு. அதைச் சொல்லவே வேண்டாம்.

நாடா கோப்பதில்தான் பொறுமை போகும், பணமும் போகும். வரிசை முழுக்க நெருக்கமாகக் கோக்கும் கெபிகி முறையில் நாடா நூறு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஜோடி ஜோடியாக இடம்விட்டுக் கோக்கும் சுகாகே போதும், போர்க்காலத்திலேயே அதற்கு மாறியிருந்தார்கள். நெருக்கமான நாடா நனைந்தால் கனக்கும், குளிரில் உறையும், சேறு போகாது, எறும்பும் பேனும் குடியேறும் என்று எடோ காலக் கவச நூல் ஒன்றே புலம்புகிறது. உருண்டையான பாராசூட் கயிறு வாங்காதீர்கள், பார்வைக்கு மூட்டை கட்டியது போல இருக்கும். ஷூ லேஸ் மாதிரித் தட்டையான நாடாதான் வேண்டும். துளை போட்டதும் விளிம்பை வழவழப்பாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் தகடே நாடாவை அறுத்துவிடும். எப்படியும் சில அறும், பையில் இரண்டு மீட்டர் உபரி இருக்கட்டும். கீழ்ப்பட்டையில் சிவப்பு நாடாவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வரிசை போட்டுவிட்டால் மொத்தக் கவசமும் திடீரென்று ஜப்பானியமாகத் தெரியும். மலிவான வேலை, பலன் அதிகம்.

கடைசியாக, போட்டியன்று காலையில்தான் முதல் முறை முழுசாகப் போட்டுப் பார்ப்பேன் என்று இருக்காதீர்கள். கால்காப்பு, ஹைதாதே, கைகாப்பு, மார்க்கவசம், பிறகு தோள், கழுத்து, தலை என்ற வரிசையில் வீட்டிலேயே மாட்டி, கையை உயர்த்தி நூறு முறை வீசி, மாடி ஏறி இறங்குங்கள். கழிப்பறைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹைதாதேயின் கட்டு மார்க்கவசத்துக்கு அடியில் இருக்கிறது, ஆக மொத்தத்தையும் கழற்றாமல் அதை அவிழ்க்க முடியாது என்பது அவசரத்தில்தான் தெரியவரும்.