விக்கியில் உள் இணைப்பும் வெளி இணைப்பும் வேறுவேறாகத் தெரிய

எது வெளி இணைப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை நமக்கில்லை. விக்கி மென்பொருளே அதைச் செய்துவைத்திருக்கிறது. விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவது உள் இணைப்பு. ஒற்றை அடைப்புக்குள் முழு முகவரியோடு எழுதினால் அது வெளி இணைப்பு. ‘எக்ஸ்டர்னல்’ என்ற கிளாஸ் (தோற்றத்தை மாற்றப் பிடித்துக்கொள்ள உதவும் பெயர்ச்சீட்டு) தானாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான சிவப்பு இணைப்புக்கு ‘நியூ’, முன்னொட்டு போட்டுப் பிற விக்கிக்குப் போவதற்கு ‘எக்ஸ்ட்ஐடபிள்யூ’. (இங்கே உள்ளது ஒலிப்புதான்; நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.)

முகவரி ‘எச்டிடிபி’ என்று தொடங்குகிறதா என்று பார்த்து நிறம் மாற்றும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) விதி பல இடங்களில் சுற்றுகிறது. அதை எடுக்காதீர்கள். இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முகவரிகள் அதில் சிக்காது.

விதியை எழுத வேண்டிய இடம், மீடியாவிக்கி பெயர்வெளியில் உள்ள ‘காமன்.சிஎஸ்எஸ்’ பக்கம். 1.32 பதிப்பிலிருந்து அதைத் தொகுக்க இடைமுக நிர்வாகி உரிமை தேவை. சாதாரண நிர்வாகி உரிமை போதாது. சேமித்தும் மாறவில்லையா? கண்ட்ரோல்-எஃப்5 அழுத்திப் பாருங்கள், 5 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பழையபடியே இருந்தால், பெரும்பாலும் ஸ்கின்னின் (விக்கியின் தோற்ற அமைப்பின்) விதி உங்களுடையதை முந்துகிறது என்று பொருள். வெறும் ‘எக்ஸ்டர்னல்’ கிளாஸை மட்டும் எழுதினால் எடை, அதாவது மற்ற விதிகளை முந்தும் வலு, குறைவு. அதற்கு முன்னால், கட்டுரைப் பகுதியைக் குறிக்கும் ‘எம்டபிள்யூ-பார்சர்-அவுட்புட்’ கிளாஸையும் சேர்த்தால் எடை கூடும். கட்டுரைப் பகுதிக்கு வெளியே உள்ள மெனுக்களும் தப்பிக்கும். எடையைப் பார்க்காமல் முந்தவைக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு மிரட்டினால் அடுத்த விதிவிலக்கு எழுதும்போது நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இணைப்பின் நிறம் பின்னணியோடு ஒளிர்வில் 4.5:1 விகிதத்துக்காவது வேறுபட வேண்டும். அடிக்கோடு இல்லையென்றால் பக்கத்து எழுத்தோடும் 3:1 வேண்டும். #006633 என்ற கரும்பச்சை வெள்ளைப் பின்னணியில் 7:1, பார்க்க அருமை. ஆனால் கருப்பு எழுத்தோடு 3:1-ஐக்கூடத் தொடவில்லை. பத்திக்குள் இணைப்பு கரைந்துபோகும். #008000 வெள்ளையோடு 5.1, கருப்போடு 4.1 என்று இரண்டையும் தாண்டுகிறது. ஆனாலும் சிவப்பு இணைப்புகள் உள்ள விக்கியில் பச்சையை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அம்புக்குறி சேர்த்துவிடுங்கள்.

அம்புக்குறியைப் பின்னணிப் படமாக வைத்து வலப்பக்கம் 13 பிக்சல் இடம் விடுவது நல்லது. இணைப்புக்குப் பின் எழுத்தை ஒட்டும் ‘ஆஃப்டர்’ வழியாக எழுத்து வடிவ அம்பைச் சேர்த்தால், பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் ஒவ்வொரு இணைப்பிலும் அதையும் வாசிக்கக்கூடும். சில கைபேசிகளில் அது வண்ண எமோஜியாக மாறும்.

இனி விதிவிலக்கு. உங்கள் விக்கியின் பக்கத்தையே யாராவது முழு முகவரியாக ஒட்டியிருப்பார்கள். பக்க வரலாறு, தொகுப்பு போன்ற இணைப்புகளை வார்ப்புருக்களும் (பல பக்கங்களில் செருகும் ஆயத்தத் துண்டுகள்) அப்படித்தான் உருவாக்கும். அவை எல்லாமே வெளி இணைப்பாகத் தோன்றும். அவற்றை மீடியாவிக்கி தரும் ‘பிளெயின்லிங்க்ஸ்’ கிளாஸுக்குள் அடைத்தால் ஸ்கின் தரும் குறி போய்விடும், உங்கள் விதி வைத்த குறி போகாது. ஆகவே அந்தக் கிளாஸுக்குள் வரும் வெளி இணைப்புக்குப் படம் இல்லை, இடைவெளி 0 என்று இன்னொரு விதி எழுதி, முந்தையதற்குக் கீழே வையுங்கள்.

பார்த்த இணைப்புக்கு அம்பை மாற்ற முயல வேண்டாம். வாசகர் எங்கெங்கு போனார் என்பதைத் தளங்கள் உளவு பார்க்காதிருக்க, அங்கே நிறங்களை மட்டுமே மாற்ற பிரவுசர்கள் அனுமதிக்கின்றன.

இன்னொரு விக்கி மென்பொருளான டோக்குவிக்கியில் இதே வேலை ‘கான்ஃப்’ கோப்புறையில் உள்ள ‘யூசர்ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ கோப்பில். இருக்கும் பக்கத்துக்கு ‘விக்கிலிங்க்1’, இல்லாததற்கு ‘விக்கிலிங்க்2’, வெளியே போவதற்கு ‘யூஆர்எல்எக்ஸ்டர்ன்’. அந்தக் கோப்பு முதலில் இருக்காது. நீங்களே உருவாக்க வேண்டும்.