கற்பனை உலகத்தில் கல்மீனை வைப்பது எப்படி

கல்மீன் என்றால் பாறைக்குள் புதைந்து கல்லாகிப்போன பழங்கால மீன். உங்கள் கதையுலகத்தில் மக்கள் அதைக் கும்பிடலாம், அஞ்சலாம், விற்கலாம். அதற்கெல்லாம் முன்னால் பாறையை முடிவு செய்யுங்கள். பாறையைப் பொறுத்துத்தான் என்ன கிடைக்கும், யார் கையில் கிடைக்கும் என்பது அமையும்.

கருங்கல் மலையில் மீன் இருக்காது. உருகிய குழம்பு இறுகிய கல் அது. செதிலும் துடுப்பும் கலையாத முழு மீன் வேண்டுமா? நுண்ணிய சேறு அலையில்லாமல் படிந்த ஏரியோ கடற்கழியோ வேண்டும். அடியில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாக இருந்தால் செத்த மீனைத் தின்ன எதுவும் வராது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து கிரீன் ரிவர் ஏரிப் படுகைகளும் இத்தாலியின் போல்காவும் இப்படிப்பட்ட இடங்கள். இரண்டுக்கும் வயது சுமார் 5 கோடி ஆண்டு. வேகமாக ஓடிய ஆற்றின் மணற்கல்லாக இருந்தால் பெரும்பாலும் உதிரிப் பல், செதில், முள் மட்டுமே. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, எளிதில் அழிந்துவிடும், பற்கள்தான் மிஞ்சும்.

அடுத்து உடைக்கும் விதம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலகைக்கல்லின் ஓரத்தில், கல்லடுக்கின் கோட்டோடு மெல்லிய உளியை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். மீன் கிடக்கும் தளம் பெரும்பாலும் வலுவிழந்த தளம், கல் அங்கேயே பிளக்கும். ஒரு பலகையில் எலும்பு, எதிர்ப்பலகையில் அதன் அச்சு. பல சமயம் எலும்பே இரண்டிலும் பங்காகிவிடும். ஒரே பலத்த அடி கொடுத்தால் குறுக்கே உடைந்து மீன் துண்டாகும். ஈரக்கல்லை வெயிலில் வைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். நிழலில், சாக்கு போர்த்தி, நாட்கணக்கில் உலர்த்த வேண்டும்.

சடங்கை இங்கிருந்து எடுங்கள். இரண்டு குடும்பம் ஒப்பந்தம் செய்தால் ஆளுக்கு ஒரு பலகை. தகராறு வந்தால் சேர்த்துப் பார்ப்பார்கள். வேறு கல் பொருந்தாது. குறுக்கே உடைந்த மீன் அபசகுனம். நிழலில் உலர்த்தும் நாட்களில் உடைத்தவர் உரக்கப் பேசக்கூடாது என்று ஒரு விலக்கு. வேலையின் கட்டாயத்திலிருந்து பிறக்கும் நம்பிக்கைக்கு வலு அதிகம்.

ஊர் முழுக்க ஒரே விளக்கத்தை நம்பவைக்காதீர்கள். நம் உலகத்திலேயே மால்டா தீவில் கிடைத்த சுறாப்பற்களைப் பாம்பின் நாக்கு கல்லானது என்று நம்பி, நஞ்சை முறிக்க வைத்திருந்தார்கள். 1666-இல் ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் உடற்கூறு அறிஞர் ஸ்டெனோ, அவை சுறாப்பற்களே என்று வாதிட்டார். பழைய மீனின் உருண்டைப் பல்லைத் தேரையின் தலைக்கல் என்று மோதிரத்தில் பதித்ததும் உண்டு. ஆகவே கல்லுடைப்பவருக்கு ஒரு விளக்கம், பூசாரிக்கு வேறு, வாங்க வரும் வணிகருக்கு இன்னொன்று. மலையுச்சியில் மீன் கிடந்தால் ஒருவர் வெள்ளம் என்பார், இன்னொருவர் மலை வளர்ந்தது என்பார்.

போலியையும் சேருங்கள். விலை இருந்தால் ஒட்டுமீன் வரும்: தலை ஒன்றின், வால் வேறொன்றின். சேருமிடத்தில் முதுகெலும்பின் கணு அளவு திடீரென மாறும், செதில் வரிசை தடம் விலகும். மையால் தீட்டிய துடுப்பு ஈரத்துணி பட்டதும் கரையும். உங்கள் பாத்திரம் பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்கட்டும். உண்மையான எலும்புக்கு மேடு பள்ளம் உண்டு, தீட்டியது தட்டையாகக் கிடக்கும்.