வீட்டுப் பள்ளி ஆண்டு முடியும்போது: கொண்டாட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதம் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கடைசித் தேர்வை எழுதிவிட்டு, சட்டையெல்லாம் இங்க் கறையோடு கத்திக்கொண்டே வீடு திரும்புவார்கள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் தானாக வராது. கணக்கில் இன்னும் நாலு பாடம் பாக்கி இருக்கும். "அதையும் முடிச்சிட்டு லீவு விட்டுக்கலாம்" என்போம். மாம்பழ சீசனும் போய், ஜூனில் அடுத்த ஆண்டுப் புத்தகங்களும் வந்து சேர்ந்துவிடும். முடியும் நாளைக் குறிக்காமல் விடுவதுதான் நான் பார்க்கும் முதல் தவறு. பாடம் பாக்கி இருந்தால் இருக்கட்டும். காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு, பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்-இல், பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்திருக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். அங்கே பொதுத் தேர்வு ஏப்ரல்-மேயில் ஒருமுறை, அக்டோபர்-நவம்பரில் ஒருமுறை நடக்கும். இரண்டு பாடத்தை இப்போது எழுதி, மற்றதை அக்டோபருக்குத் தள்ளலாம். பதிவு 5 ஆண்டுகள் செல்லும். இந்த வசதியே கொண்டாட்டத்துக்கு எதிரியாகிவிடுகிறது. 'எல்லாப் பாடமும் பாஸ் ஆனதும் பார்த்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போகிறோம். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். உழைத்த களைப்பும் நிம்மதியும் பிள்ளைக்கு இருப்பது தேர்வு முடிந்த அன்று. கொண்டாட்டத்தையும் அன்றைக்கே வையுங்கள், மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் ஊரில் விசேஷம் என்றால் சொந்தக்காரர்கள் வராமல் இருக்க மாட்டார்கள், வரவும் வேண்டும். ஆனால் 'பள்ளிக்கூடம் அனுப்பாம என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்க' என்ற சந்தேகமும் அவர்களோடு சேர்ந்தே வரும். அது தெரிந்த நாமும், அன்றைக்கே பதில் சொல்லிவிடத் துடிக்கிறோம். கேக் வெட்டி முடித்ததும் பெரியப்பா, "எங்கே, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு" என்பார். மாமாவுக்கு இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். சித்தி தன் மகனின் ரேங்க்கைச் சொல்வாள். பிள்ளை தடுமாறினால் கூடம் முழுக்க ஒரு மௌனம். தடுமாறாமல் சொல்லிவிட்டாலும் அதற்கு ஒன்று புரிந்துவிடும்: இது தனக்கான நாள் இல்லை, அம்மா அப்பா எடுத்த முடிவு சரியா தப்பா என்று பார்க்கும் நாள். எட்டு வயதுக் குழந்தையின் தலையில் அந்தப் பாரத்தை வைக்கக் கூடாது.

அழைக்கும்போதே மரியாதையாகச் சொல்லிவிடலாம்: "மாமா, அன்னைக்கு அவகிட்ட பாடக் கேள்வி எதுவும் வேண்டாம். அவ உங்களுக்கு ஒண்ணு செஞ்சு தரப்போறா." அந்த 'ஒண்ணு' எதுவாகவும் இருக்கட்டும். நம்ம சேலத்துத் தட்டுவடை செட்டே போதும். பீட்ரூட், கேரட் துருவி, வெங்காயம் நறுக்கி, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி வைத்து, வந்தவர்களைக் கணக்கிட்டு எத்தனை தட்டுவடை வேண்டும் என்று பிள்ளையே பார்த்து வாங்கி அடுக்கட்டும். சாப்பிடும் பெரியவர்களுக்கு யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது. கேள்வி கேட்கும் வேலையையும் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம். கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவோ, தறி ஓட்டிய அம்மாயியோ வந்திருந்தால், பிள்ளை கேட்க அவர்கள் சொல்லட்டும். அதைவிட அவர்களை மகிழ்விப்பது வேறு இல்லை.

பள்ளி ஆண்டு விழாவை அப்படியே வீட்டில் நடத்துவதும் வேண்டாம். வாடகைக் கருப்பு அங்கி, தொப்பி, ஒருவருக்கு 'முதல் பரிசு'. இருப்பதே இரண்டு பிள்ளைகள், அதில் யாருக்கு இரண்டாம் பரிசு?

அப்புறம் ஏற்காடு. சேலத்தில் ஏப்ரல் வெயில் ஏறியதும் எல்லோருக்கும் தோன்றும் இடம் அதுதான். தவறு போவதில் இல்லை, நாளைத் தேர்ந்தெடுப்பதில். மே மாதக் கோடை விழாவும் சனி ஞாயிறும் சேர்ந்தால் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இறங்குவதைக் குப்பனூர் வழியாக மாற்றிவிடுவதும் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமையும் லீவுதானே? அந்தச் சலுகையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை படகுக்கு வரிசையில் நிற்பானேன். கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. வயிறு முட்டப் பரோட்டா கொடுத்து ஏற்றினால் பாதி வழியிலேயே வாந்தி எடுக்கும். இரண்டு இட்லி போதும். கிளியூர் அருவியைக் காட்டுகிறேன் என்று கோடையில் வாக்குக் கொடுக்காதீர்கள். அது மழையை நம்பிய அருவி, ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில், பூங்கா என்று ஒரே நாளில் ஐந்தாறு இடங்களை அடைக்கவும் வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்து, மதியச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு, பிள்ளை போதும் என்று சொல்லும்வரை இருந்தால் அதுவே நல்ல நாள்.

இன்னொரு ஆசையையும் அடக்க வேண்டியிருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிடக் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கை அங்கே நேரிலேயே உணரலாம். மிளகுக் கொடி மரத்தில் ஏறியிருப்பதையும், காப்பிச் செடியையும் பார்த்தால் நமக்கு வாய் நிற்காது. பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். அதுவே தெர்மாமீட்டரை எடுத்துவந்து வளைவுக்கு வளைவு பார்த்தால் பார்க்கட்டும். நாமாக நோட்டைக் கையில் கொடுத்து 'கண்டதை எழுது' என்றால், முடிந்ததாகச் சொன்ன ஆண்டு முடியவே இல்லை என்றுதான் அது நினைக்கும்.

பழைய நோட்டுகளை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜூன் மாத நோட்டையும் மார்ச் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளை புரட்டட்டும். கையெழுத்து மாறியிருப்பதை நாம் சொல்லாமலே பார்த்துக்கொள்ளும். எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். புதுப் புத்தகப் பார்சல் வந்துவிட்டால், அதை ஜூன் வரை பிரிக்காமல் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.