புதுச்சேரி லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்கு சீப் ஃப்ளைட் வரணும்னா

முதல்ல ரன்வேயப் பாருங்க. நம்ம புதுச்சேரில சுமார் 1500 மீட்டர்தான், ஏர்பஸ் 320 மாதிரி ஜெட்ட வரச்சொல்லி மனு போடுறது வேஸ்ட், ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொப்பல்லர் ஃப்ளைட் வச்சிருக்க கம்பெனிங்ககிட்ட பேசணும், 2024 டிசம்பர்ல இண்டிகோ 78 சீட் ஏடிஆர்லதான் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஆரம்பிச்சாங்க.

அடுத்து கணக்கு. "எங்க ஊரு டூரிஸ்ட் ஊரு"ன்னா போதாது, அது ஏர்லைன்காரங்களுக்கே தெரியும். வீக்கெண்ட்ல பெங்களூரு பஸ் ரொம்புது, செவ்வாக்கிழமை சீட்ட யாரு ரொப்புவா? ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க, கடலூர் சிப்காட், நெய்வேலி ஆபீசருங்க, ஈசிஆர்ல சென்னைக்கு ஓடிப்போய் ஃப்ளைட் புடிக்கிறவங்க, இவங்களையெல்லாம் எண்ணி எழுதிக் குடுங்க.

விமான எரிபொருள் வரி, லேண்டிங் சார்ஜ் கொறைக்கச் சொல்லி அரசாங்கத்தக் கேளுங்க. சின்ன ஊருங்களுக்கு ஃப்ளைட் விடுற உடான்ங்கிற மத்திய அரசு திட்டத்துல மானியம் உண்டு, ஆனா மூணு வருஷம்தான், அதுக்குள்ள ஜனம் பழகலன்னா ஃப்ளைட்டு கெளம்பிடும்.